ரிங்க் எந்த ஊரிலோ, அணியும் அந்த ஊரில்
(வாசகர் கேள்வி – பதில்)

பேர்ணாம்பட்டு முதல் சோளிங்கர் வரை, கனடாவிலோ அமெரிக்காவிலோ ஒரு பிள்ளை இருக்கும் வீடுகள் இப்போது ஏராளம். அங்கே வளரும் பேரப்பிள்ளைகள் வீடியோ காலில் ‘லீஃப்ஸ்’, ‘ஆயிலர்ஸ்’, ‘ஹாப்ஸ்’ என்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டிக்குத் தலையும் புரிவதில்லை, வாலும் புரிவதில்லை. என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக் பற்றிச் சேர்ந்திருந்த கேள்விகளை இந்த இதழில் மொத்தமாக எடுத்துக்கொண்டோம்.

காட்பாடியிலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்: டொராண்டோவில் இருக்கும் பேரன் எந்நேரமும் ஹாக்கி ஹாக்கி என்கிறான். நம்ம ஹாக்கிதானே என்று பார்த்தால் ஐஸ் மேல் ஓடுகிறார்கள். இந்த லீக்கை யார், எப்போது ஆரம்பித்தார்கள்?

கனடாவில் ஹாக்கி என்றாலே ஐஸ் ஹாக்கிதான் அய்யா. நாம் ஆடுவதை அவர்கள் ‘ஃபீல்ட் ஹாக்கி’ என்று தனியாகச் சொல்வார்கள். நம் ஹாக்கியில் 11 பேர், பந்து. அங்கே ஒரே நேரத்தில் 6 பேர், பந்துக்குப் பதில் ‘பக்’ என்கிற கறுப்பு ரப்பர் வட்டு. அதன் குறுக்களவு 3 அங்குலம், தடிமன் 1 அங்குலம், எடை ஏறத்தாழ 156 முதல் 170 கிராம். ஆட்டத்துக்கு முன்னால் வட்டுகளை உறைய வைத்துவிடுவார்கள். உறையாத ரப்பர் ஐஸ் மேல் துள்ளும். துள்ளினால் மட்டையில் நிற்காது.

லீக் பிறந்தது 1917 நவம்பர் 26-ல், மாண்ட்ரியல் நகரத்து விண்ட்சர் ஹோட்டலில். அதன் பிறப்புக்குக் காரணம் ஒரு பங்காளிச் சண்டை. அதற்கு முன்பு என்.எச்.ஏ. என்ற சங்கம் இருந்தது. டொராண்டோ அணியின் சொந்தக்காரர் எட்டி லிவிங்ஸ்டோனுடன் மற்ற முதலாளிகளுக்கு ஒத்துப்போகவில்லை. அவரை வெளியேற்றச் சங்க விதியில் இடமில்லை. ஆகவே சங்கத்தை அப்படியே கிடப்பில் போட்டுவிட்டு, அவர் ஒருவரை மட்டும் விட்டுவிட்டுப் புதிதாக ஒரு லீக்கைத் தொடங்கிவிட்டார்கள். முதல் தலைவர் ஃப்ராங்க் கால்டர்.

முதல் ஆட்டங்கள் 1917 டிசம்பர் 19-ல் நடந்தன. ஆடியவை நான்கே அணிகள்: மாண்ட்ரியல் கனேடியன்ஸ், மாண்ட்ரியல் வாண்டரர்ஸ், ஒட்டாவா செனட்டர்ஸ், டொராண்டோ. கியூபெக் நகரத்துக்கு உரிமை இருந்தும் அவர்கள் 1919 வரை களமிறங்கவில்லை. டொராண்டோ அணியை நடத்தும் பொறுப்பு அங்கே ரிங்க், அதாவது ஐஸ் ஆடுகளம், வைத்திருந்த கம்பெனியிடம் போனது. வாண்டரர்ஸ் கதை இன்னும் பரிதாபம். 1918 ஜனவரி 2-ல் அவர்கள் ஆடிய அரங்கம் தீயில் எரிந்துபோனது. அத்தோடு அணியே கலைந்தது. அந்த லீக்கில் அவர்கள் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். அதே அரங்கத்தில் ஆடிய கனேடியன்ஸ் ஊருக்குள்ளேயே வேறொரு ரிங்குக்கு மாறிப் பிழைத்துக்கொண்டது. ஐஸ் உள்ள கட்டடம் யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். இந்த லீக்கின் நூறாண்டுக் கதையில் பாதி அதிலேயே விளங்கிவிடும்.

குடியாத்தத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: ‘ஒரிஜினல் சிக்ஸ்’ என்ற ஆறு அணிகள்தான் லீக்கைத் தொடங்கின என்று படித்தேன். மேலே சொன்ன நான்கு எங்கே, இந்த ஆறு எங்கே?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள், அம்மா. அந்தப் பெயரே பலரையும் ஏமாற்றும். மாண்ட்ரியல், டொராண்டோ, பாஸ்டன், நியூயார்க் ரேஞ்சர்ஸ், சிகாகோ, டெட்ராய்ட் ஆகிய ஆறையும் அப்படி அழைக்கிறார்கள். இவற்றில் முதல் ஆண்டிலிருந்து இருப்பவை மாண்ட்ரியலும் டொராண்டோவும் மட்டுமே. மாண்ட்ரியல் கனேடியன்ஸ் லீக்கைவிட மூத்தது, 1909-ல் தொடங்கியது. பாஸ்டன் ப்ரூயின்ஸ் 1924-ல் வந்தது, அமெரிக்காவின் முதல் அணி அது. மற்ற மூன்றும் 1926-ல் வந்தவை.

அப்புறம் ஏன் ‘ஒரிஜினல்’? இடையில் பல அணிகள் வந்து, பொருளாதார மந்தத்திலும் உலகப் போரிலும் கரைந்துபோயின. 1942-ல் ப்ரூக்ளின் அமெரிக்கன்ஸும் மூடப்பட்டபோது மிஞ்சியவை இந்த ஆறு. 1967 வரை, அதாவது 25 சீசன்கள், இவை மட்டுமே தங்களுக்குள் ஆடின. தப்பிப் பிழைத்த ஆறு என்று பெயர் வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

காணாமல் போன அணிகளில் ஹாமில்டன் டைகர்ஸ் கதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கியூபெக் அணி 1920-ல் ஹாமில்டனுக்கு மாறியது. 1924–25 சீசனில் ஆட்டங்களை 24-லிருந்து 30 ஆகக் கூட்டினார்கள். டைகர்ஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ‘ஆறு ஆட்டம் கூடுதலாக ஆடியிருக்கிறோம், ஆளுக்கு 200 டாலர் கொடுங்கள், இல்லாவிட்டால் இறுதிச் சுற்று ஆடமாட்டோம்’ என்றார்கள் வீரர்கள். கால்டர் அபராதம் போட்டு அவர்களை இடைநீக்கம் செய்தார். வீரர்களின் ஒப்பந்தங்கள் 75,000 டாலருக்கு நியூயார்க்குக்கு விற்கப்பட்டன. அங்கே புதிதாக மேடிசன் ஸ்கொயர் கார்டன் எழும்பிக்கொண்டிருந்தது, அதில் ஆட ஒரு அணி வேண்டியிருந்தது. ஹாமில்டனுக்கு அதன்பின் இன்றுவரை என்.எச்.எல். அணி வாய்க்கவில்லை. கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி கேட்டது நியாயமான கோரிக்கை என்பதே எங்கள் கருத்து.

ஆம்பூரிலிருந்து ஒரு ஷூ கம்பெனி மேற்பார்வையாளர்: இப்போது எத்தனை அணிகள்? முழுப் பட்டியலும் வேண்டும். ஓர் ஊர் அணி இன்னோர் ஊருக்குப் போய்விடுகிறதாமே, அது எப்படி?

மொத்தம் 32. கனடாவில் 7, அமெரிக்காவில் 25. பட்டியலை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ள வசதியாக, பிரிவுவாரியாகத் தருகிறோம்.

கிழக்கு மாநாட்டில் (‘கான்ஃபரன்ஸ்’, அதாவது லீக்கின் ஒரு பாதி) அட்லாண்டிக் பிரிவு: பாஸ்டன் ப்ரூயின்ஸ், பஃபலோ சேபர்ஸ், டெட்ராய்ட் ரெட் விங்ஸ், ஃப்ளோரிடா பாந்தர்ஸ், மாண்ட்ரியல் கனேடியன்ஸ் (பேரப்பிள்ளைகள் சொல்லும் ‘ஹாப்ஸ்’), ஒட்டாவா செனட்டர்ஸ், டாம்பா பே லைட்னிங், டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ். மெட்ரோபாலிட்டன் பிரிவு: கரோலினா ஹரிகேன்ஸ், கொலம்பஸ் ப்ளூ ஜாக்கெட்ஸ், நியூஜெர்சி டெவில்ஸ், நியூயார்க் ஐலாண்டர்ஸ், நியூயார்க் ரேஞ்சர்ஸ், ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ், பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ், வாஷிங்டன் கேப்பிடல்ஸ்.

மேற்கு மாநாட்டில் சென்ட்ரல் பிரிவு: சிகாகோ பிளாக்ஹாக்ஸ், கொலராடோ அவலாஞ்ச், டல்லஸ் ஸ்டார்ஸ், மினசோட்டா வைல்ட், நாஷ்வில் பிரிடேட்டர்ஸ், செயின்ட் லூயிஸ் ப்ளூஸ், யூட்டா மாமத், வினிப்பெக் ஜெட்ஸ். பசிபிக் பிரிவு: அனஹைம் டக்ஸ், கால்கரி ஃப்ளேம்ஸ், எட்மண்டன் ஆயிலர்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ், சான் ஹோசே ஷார்க்ஸ், சியாட்டில் கிராக்கன், வான்கூவர் கனக்ஸ், வேகஸ் கோல்டன் நைட்ஸ்.

ஆறு அணிகளாக இருந்த லீக் 1967-ல் ஒரே மூச்சில் பன்னிரண்டு ஆனது. புதிதாக வந்த ஒவ்வோர் அணியும் 20 லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம் கட்டியது. 2017-ல் வேகஸ் கட்டியது 50 கோடி டாலர், 2021-ல் சியாட்டில் கட்டியது 65 கோடி டாலர். 1979-ல் போட்டி லீக்கான டபிள்யூ.எச்.ஏ. மூடப்பட்டபோது எட்மண்டன், கியூபெக், வினிப்பெக், ஹார்ட்ஃபோர்ட் ஆகிய நான்கு அணிகள் இங்கே வந்து சேர்ந்தன.

இடம் மாறுவதற்கு வருவோம். அணி என்பது ஊரின் சொத்து கிடையாது. அது முதலாளி கையில் உள்ள ஓர் உரிமை. அதை லீக்கின் சம்மதத்தோடு இன்னோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். 1990-களில் கனடா அணிகள் நொடித்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. டிக்கெட் விற்ற காசு கனடா டாலரில் வந்தது, வீரர்களின் சம்பளம் அமெரிக்க டாலரில் போனது. கனடா டாலரின் மதிப்பு இறங்க இறங்கப் பெட்டி காலியானது. அரங்கங்களும் பழசு, பணக்கார நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடும் சொகுசு அறைகள் அவற்றில் போதவில்லை. கியூபெக் அணி 1995-ல் டென்வருக்குப் போய்க் கொலராடோ அவலாஞ்ச் ஆனது. போன முதல் சீசனிலேயே, 1996-ல், கோப்பையையும் வென்றது. கியூபெக் மக்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வினிப்பெக் அணி 1996-ல் ஃபீனிக்ஸ் போனது. அதே வினிப்பெக்கில் 2004-ல் புது அரங்கம் கட்டினார்கள். 2011-ல் அட்லாண்டா அணி அங்கே வந்து புதிய ஜெட்ஸ் ஆனது. அட்லாண்டா இப்படி இழந்தது இரண்டாவது அணி. முதல் அணி 1980-லேயே கால்கரிக்குப் போயிருந்தது. ஃபீனிக்ஸ் அணி அரிசோனா என்று பெயர் மாற்றிக்கொண்டு, கடைசியில் 5,000 பேர்கூட உட்கார முடியாத பல்கலைக்கழக ரிங்க் ஒன்றில் இரண்டு சீசன் ஆடியது. புது அரங்கத் திட்டத்தை 2023-ல் டெம்பி நகர மக்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். 2024-ல் வீரர்கள் அனைவரும் சால்ட் லேக் சிட்டிக்கு மாற்றப்பட்டார்கள். இன்றைய யூட்டா மாமத் அப்படி வந்ததுதான்.

ரிங்க் கட்டிவிட்டால் அணி வந்தே தீரும் என்றும் நினைத்துவிடாதீர்கள். கியூபெக் நகரம் 2015-ல் 18,000 பேர் அமரும் அரங்கத்தைத் திறந்துவிட்டு இன்னும் காத்திருக்கிறது.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு குடும்பத்தலைவி: நம்ம ஊர் கத்திரி வெயிலில் ஃப்ரிட்ஜில் வைத்த ஐஸே நிற்காது. ஃப்ளோரிடாவும் வேகஸும் நம்மைப் போலவே வெயில் ஊர்கள் என்கிறார்கள். அங்கே எப்படி ஐஸ் தரை?

ஐஸ் ஃபேக்டரியைப் பார்த்திருப்பீர்கள் அம்மா. தகர கேன்களில் தண்ணீரை நிரப்பி, உப்புக் கரைசல் தொட்டியில் இறக்கி வைப்பார்கள். உப்புக் கரைசல் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனாலும் உறையாது. கேனில் உள்ள தண்ணீர்தான் உறையும். ரிங்கிலும் இதே தத்துவம். சிமெண்ட் தரைக்குள் நெருக்க நெருக்கமாகக் குழாய்கள் பதித்திருக்கும். கம்ப்ரஸர் குளிர்வித்த கரைசல் அந்தக் குழாய்களில் சுற்றி வரும். தரை முதலில் குளிரும், அதன்மேல் தெளிக்கும் தண்ணீர் உறையும்.

வேறுபாடு தெளிக்கும் விதத்தில் இருக்கிறது. கேனில் ஒரே அடியாகத் தண்ணீர் ஊற்றுவதால், வெளிப்பக்கம் முதலில் உறைந்து, காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும். ஐஸ் கட்டியின் நடுவில் வெள்ளையாக ஒரு தண்டு தெரிகிறதே, அது இந்தக் காற்றுதான். ரிங்கில் அப்படி விட்டால் ஐஸ் பொரிந்து உடையும். அதனால் பனித்துளி போல் மெல்லியதாகத் தெளித்து, அது உறைந்த பிறகு அடுத்த அடுக்கைத் தெளிப்பார்கள். சில அடுக்குகள் முடிந்ததும் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பார்கள், இல்லாவிட்டால் சாம்பல் நிற சிமெண்ட் தெரியும். அதன்மேல் சிவப்புக் கோடும் நீலக் கோடுகளும் வரைந்து, திரும்பவும் அடுக்கு அடுக்காகத் தண்ணீர். கடைசியில் மொத்தத் தடிமன் ஏறத்தாழ ஒரு அங்குலம், ஒன்றேகால் அங்குலம், அவ்வளவுதான்.

என்.எச்.எல். ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஒரு அங்குல ஐஸுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 40,000 லிட்டர் வரும். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் மூன்று லோடு போதாது, நாலாவதைத் தொட வேண்டும்.

வெளியே அடிக்கும் வெயிலைவிட உள்ளே வரும் ஈரக்காற்றுதான் பெரிய எதிரி. 1975 இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டம் மே 20-ல் பஃபலோவில் நடந்தது. அந்த அரங்கில் ஏ.சி. கிடையாது. சூடான ஈரக்காற்று ஐஸைத் தொட்டு மூடுபனியாகி, கோல்கீப்பர்களுக்கு வட்டே தெரியவில்லை. ஆட்டத்தை அடிக்கடி நிறுத்தி, வீரர்களைச் சறுக்கிச் சுற்றிவரச் சொல்லி மூடுபனியைக் கலைத்தார்கள். ஆகவே வெப்ப ஊர்களில் கம்ப்ரஸரோடு, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயந்திரமும் இடைவிடாமல் ஓட வேண்டும். ஐஸ் மேற்பரப்பு மைனஸ் 5 டிகிரிக்கு அக்கம்பக்கம். அதைவிடக் கடினமானால் ஸ்கேட்டின் விளிம்பு கடித்து ஐஸ் சில்லுசில்லாகப் பெயரும். இளகினால் வட்டு இழுபடும்.

கரண்ட் கட் அவர்களுக்கும் நடந்திருக்கிறது. 1988 மே 24-ல் பாஸ்டனில் இறுதிச் சுற்று ஆட்டம் 3–3 என்று இருந்தபோது மின்சாரம் போய், ஆட்டத்தையே கைவிட்டார்கள். பிறகு எட்மண்டனில் ஆடி எட்மண்டன் கோப்பையை எடுத்தது.

இடைவேளையில் ஒரு வண்டி ஐஸ் மேல் ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஜாம்போனி. கலிஃபோர்னியாவில் ஃப்ராங்க் ஜாம்போனி 1949-ல் உருவாக்கியது. கத்தி மேல்தோலைச் சீவும், சுருள் திருகு அந்தத் தூளை அள்ளித் தொட்டியில் போடும், பின்னால் தொங்கும் துணி வெந்நீரைத் தடவும். வெந்நீர் ஏன் என்று பலரும் கேட்பார்கள். சூடு பழைய ஐஸின் மேற்பரப்பைச் சற்று இளக்குகிறது, புது நீர் அதோடு ஒட்டிக்கொள்கிறது. சூடான நீரில் கரைந்த காற்றும் குறைவு. பச்சைத் தண்ணீர் விட்டால் மேலே தனி ஏடாக உறைந்து, சறுக்கும்போது உரியும்.

ராணிப்பேட்டையிலிருந்து தோல் தொழிலில் இருப்பவர்: கோல்கீப்பர் காலில் மெத்தை போலக் கட்டியிருக்கிறார்களே, அது தோலா?

இப்போது செயற்கைப் பொருளும் ஃபோமும். ஆனால் பல பத்தாண்டுகள் அது உங்கள் தொழில்தான், தோல். உள்ளே விலங்கு ரோமத்தை அடைத்துத் தைப்பார்கள். தொடக்கத்தில் கீப்பர்கள் கிரிக்கெட் பேடைத்தான் கட்டிக்கொண்டார்கள். அதன் முன்பக்கம் வளைவாக இருப்பதால் வட்டு பட்டுத் தெறித்து வலைக்குள்ளேயே போய்விடும். ஹாமில்டனில் குதிரைச் சேணம் தைத்துக்கொண்டிருந்த ‘பாப்’ கெனெஸ்கி 1924-ல் அதை அகலமாக்கி, முகப்பைத் தட்டையாக்கித் தைத்தார். மறுஆண்டே 12 அங்குலத்துக்கு மேல் அகலம் கூடாது என்று லீக் விதி போட்டது. இப்போது 11 அங்குலம்.

தோலில் என்ன சிக்கல் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐஸ் தூள் உருகி நீராகி, தையல் துளை வழியே உள்ளே இறங்கும். ரோமம் அதைக் குடித்துக்கொள்ளும். ஆட்டத்தின் முதல் பகுதியான முதல் பீரியடில் இருந்த எடை மூன்றாவதில் இருக்காது, கீப்பரின் கால் கல்லாகிவிடும். காய வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். ஃபோம் வந்ததும் தோல் விலகியதற்கு இதுவே காரணம்.

முகமூடி இன்னும் தாமதமாக வந்தது. 1959 நவம்பர் 1-ல் நியூயார்க்கில் மாண்ட்ரியல் கீப்பர் ஜாக் பிளாண்ட் முகத்தில் வட்டு பட்டுத் தையல் போட்டுக்கொண்டு, முகமூடி இல்லாமல் திரும்ப ஆடமாட்டேன் என்றார். அன்றிலிருந்துதான் அது வழக்கமானது.

ஆற்காட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: புள்ளிப் பட்டியலில் வெற்றி, தோல்வி என்று இரண்டுக்குப் பதில் மூன்று எண்கள் இருக்கின்றன. எப்படிக் கணக்கிடுவது?

வெற்றிக்கு 2 புள்ளி, 60 நிமிடத்துக்குள் தோற்றால் 0, கூடுதல் நேரத்திலோ ஷூட்-அவுட்டிலோ (கீப்பரை எதிர்த்து ஒவ்வொருவராக அடிப்பது) தோற்றால் 1. மூன்றாவது எண் அந்தக் கடைசி வகைத் தோல்வி. 82 ஆட்டங்களில் 45–27–10 என்று இருந்தால், 45 × 2 = 90, அதோடு 10, ஆக 100 புள்ளி. வழக்கமாக 100 எடுத்த அணி அடுத்த சுற்றுக்குப் போய்விடும்.

20 நிமிடப் பீரியட் மூன்று. சமமாக முடிந்தால் பக்கத்துக்கு மூன்று வீரர்களோடு 5 நிமிடம், அதிலும் முடிவில்லை என்றால் ஷூட்-அவுட். ப்ளே-ஆஃபில் ஷூட்-அவுட் கிடையாது. 20 நிமிடம் 20 நிமிடமாக, ஒரு கோல் விழும்வரை போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று அணிகள், மாநாட்டுக்கு, அடுத்து அதிகப் புள்ளி எடுத்த இரண்டு ‘வைல்ட் கார்டு’, ஆக 16 அணிகள். ஏழு ஆட்டத் தொடரில் நான்கு ஜெயிக்க வேண்டும், அப்படி நான்கு சுற்று. கோப்பைக்கு 16 வெற்றி.

தம்பி, இன்னொன்று. ‘பவர் ப்ளே’ என்றதும் கிரிக்கெட்டை நினைக்காதீர்கள். இங்கே தவறு செய்தவர் 2 நிமிடம் தண்டனைப் பெட்டிக்குள் உட்கார, அவர் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும் நேரம் அது. எதிரணி கோல் போட்டுவிட்டால் 2 நிமிடம் முடியும் முன்பே வெளியே வரலாம்.

அரக்கோணத்திலிருந்து ஒரு வாசகி: சண்டை போட்டால் நடுவர் ஏன் வேடிக்கை பார்க்கிறார்?

இருவரும் விழும்வரை பிரிப்பது ஆபத்து என்பதால். சண்டைக்கு 5 நிமிடப் பெட்டித் தண்டனை உண்டு, ஆட்டத்தை விட்டு அனுப்புவதில்லை. ஒலிம்பிக்கில் அனுப்பிவிடுவார்கள். ஒலிம்பிக் விதியே சரி.

வாணியம்பாடியிலிருந்து மாமியார் ஒருவர்: எங்கள் மாப்பிள்ளை டொராண்டோ அணிக்காக உயிரை விடுகிறார். வருஷா வருஷம் ஏப்ரல், மே வந்தால் முகம் வாடிவிடுகிறது. அந்த அணி ஜெயித்ததே இல்லையா?

நிறைய ஜெயித்திருக்கிறது அம்மா, 13 கோப்பைகள். மாண்ட்ரியலுக்கு (24) அடுத்து அதிகம் அதுதான். கடைசியாக 1967-ல், மாண்ட்ரியலைத் தோற்கடித்து. ஆறு அணிக் காலத்தின் கடைசிக் கோப்பை அது. மாப்பிள்ளை தனியாக வாடவில்லை. கனடா முழுவதுக்குமே 1993-ல் மாண்ட்ரியல் எடுத்ததற்குப் பிறகு 2025 வரை கோப்பை கிடைக்கவில்லை. 2024, 2025 இரண்டு ஆண்டும் எட்மண்டன் இறுதிவரை வந்து, தென்னை மரம் நிற்கிற ஃப்ளோரிடாவிடம் தோற்றது. மாப்பிள்ளையிடம் ஏப்ரலில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்காமல், 1931-ல் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கத்தை ஆறு மாதத்துக்குள் கட்டி முடித்த கதையைக் கேளுங்கள். மந்தக் காலம் அது, பணம் இல்லை; தொழிலாளர்கள் கூலியில் ஒரு பங்கை அரங்கத்தின் பங்குப் பத்திரமாக வாங்கிக்கொண்டு கட்டினார்கள். முகம் மலர்ந்துவிடும்.

திருப்பத்தூரிலிருந்து ஒருவர்: அந்த வெள்ளிக் கோப்பையில் பெயர் பொறிக்க இடம் தீர்ந்துபோகாதா?

தீரும், அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892-ல் அறிவித்துக் கொடுத்த கிண்ணம் அது. முதலில் வழங்கியது 1893-ல், லீக் பிறப்பதற்கு 24 ஆண்டு முன்பு. இப்போதைய உயரம் கிட்டத்தட்ட மூன்று அடி, எடை 15 கிலோவுக்குச் சற்று மேல். அடிப்பகுதியில் ஐந்து வளையப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் 13 அணிகள். கடைசிப் பட்டை நிறைந்ததும் மேலே உள்ள பழையதைக் கழற்றி டொராண்டோ ஹாக்கி அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டு, கீழே புதுப் பட்டை மாட்டுவார்கள்.

பொறிப்பவர் கையால் ஒவ்வொரு எழுத்தாகச் சுத்தியலில் தட்டுவதால் பிழையும் விழும். 1972 பட்டையில் பாஸ்டன் என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு ‘ஓ’வும் ‘க்யூ’ ஆகிவிட்டது. 1981-ல் ஐலாண்டர்ஸில் ஒரு ‘எஸ்’ விடுபட்டுப்போனது. இரண்டையும் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள்.

1919-ல் கோப்பை யாருக்கும் இல்லை. இன்ஃப்ளுயென்சா பரவி இறுதிச் சுற்று பாதியில் நின்றது. மாண்ட்ரியல் வீரர் ஜோ ஹால் அதில் இறந்தார்.

வேலூரிலிருந்து ஸ்கேட்டிங் பழகும் மாணவியின் தந்தை: நம்மவர்கள் யாராவது அந்த லீக்கில் ஆடியிருக்கிறார்களா? என் மகள் ஐஸ் ஹாக்கி ஆட ஆசைப்படுகிறாள்.

இந்திய வம்சாவளியில் முதலில் ஆடியவர் ராபின் பாவா, 1989-ல் வாஷிங்டனுக்காக. பிறகு மேனி மல்ஹோத்ரா, ஜுஜார் கைரா, அர்ஷ்தீப் பெய்ன்ஸ். அது ஆண்கள் லீக். உங்கள் மகள் பார்க்க வேண்டியது லடாக்கை. அங்கே குளிர்காலத்தில் உறைந்த குளத்திலேயே ஆடிப் பழகிய பெண்களைக் கொண்ட இந்திய அணி 2025-ல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது.

இப்போது நான்கு சக்கர ஸ்கேட் என்றால் ஒரே வரிசைச் சக்கரமுள்ள இன்லைனுக்கு மாற்றுங்கள். ஐஸ் ஸ்கேட்டின் கத்தி 3 மில்லிமீட்டரைவிடச் சற்று மெல்லியது. அதன் அடிப்பகுதி நடுவில் குழிந்து இருபுறமும் விளிம்பாக நிற்கும். வளைவதும் நிற்பதும் அந்த விளிம்பில் சாய்ந்துதான். நான்கு சக்கரத்தில் அந்தச் சாய்வு வராது. மட்டை, வெறுங்காலில் நின்றால் மூக்கு வரை இருக்க வேண்டும், ஸ்கேட் போட்டதும் முகவாய்க்கு வரும். நீளமாக வாங்கிவிட்டுப் பழகினால் முதுகு நிமிர்ந்தே போகும், முழங்கால் மடங்காது. பிறகு அதைத் திருத்துவது கடினம். சிமெண்ட் தரையில் பந்து போதும். ஐஸ் வட்டை அங்கே போட்டால் உருளும், சறுக்காது.

மீண்டும் காட்பாடி ரயில்வே ஊழியர்: பேரனோடு சேர்ந்து நானும் பார்க்க வேண்டும். எத்தனை மணிக்கு உட்கார வேண்டும்? வட்டு கண்ணுக்கே தெரியவில்லையே?

டொராண்டோவில் இரவு 7 மணி ஆட்டம் நமக்கு மறுநாள் காலை. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை 5.30, மற்ற மாதங்களில் 4.30. மேற்கே உள்ள எட்மண்டன், வான்கூவர் ஆட்டங்கள் இரவு 7 என்றால் நமக்கு அதைவிடத் தாமதமாக வரும். சீசன் அக்டோபர் வாக்கில் தொடங்கும், கோப்பை ஜூனில் முடியும்.

வட்டைத் துரத்தாதீர்கள் அய்யா, கண் வலிக்கும். இரண்டு நீலக் கோடுகளைப் பாருங்கள். தாக்குபவர் எவரும் வட்டுக்கு முன்னால் நீலக் கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஆஃப்சைடு. நடுச் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அடித்து எதிரியின் கோல் கோட்டையும் தாண்ட விட்டால் ‘ஐசிங்’. வட்டு திரும்ப அடித்தவர் பக்கத்துக்கே வரும். முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை வீரர்கள் வேலியைத் தாண்டி மாறிக்கொண்டே இருப்பார்கள், அதற்கு ஆட்டம் நிற்காது. ஐசிங் செய்த அணிக்கு மட்டும் அப்போது ஆள் மாற்ற அனுமதி இல்லை. களைத்த ஐந்து பேர் மூச்சு வாங்கிக்கொண்டு தங்கள் கோல் அருகே நிற்பார்கள். அந்த நேரத்தில் மட்டும் தேநீர் எடுக்க எழுந்து போகாதீர்கள்; அப்போது கோல் விழ வாய்ப்பு அதிகம்.